வாய் முந்தி, சத்தம் பிந்தி

ஞாயிற்றுக்கிழமைக்குள் டிவியில் வாயையும் சத்தத்தையும் ஒன்றுசேர்த்துவிடுவது, செல்வியை மறுபடியும் சோபாவில் தன் பக்கத்தில் உட்கார வைப்பது என்று செந்தூர்வேல் தீர்மானம் பண்ணினார். வரிசை அதுதான். முதலில் டிவி, பிறகு பெண்டாட்டி. ஆம்பளைகளுக்கு உலகம் எப்போதும் இந்த வரிசையில்தான் சரியாகும்.

தூத்துக்குடி துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேனுக்குக் கை காட்டிய மனிதர். கப்பலின் மேல்தட்டில் நின்றுகொண்டு, உயரக் கூண்டில் இருக்கிறவனுக்கு இறக்கு, ஏற்று, இந்தப் பக்கம் என்று கையாலேயே சொல்ல வேண்டும். அந்த இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்காது. விரலை ஆட்டினால் போய்க்கொண்டே இரு. முஷ்டியை மடக்கினால் நில். ரிட்டையர் ஆன பிறகும் அந்தக் கை ரிட்டையர் ஆகவில்லை. சோறு போதும் என்றால் முஷ்டி மடங்கும். இன்னும் கொஞ்சம் குழம்பு என்றால் விரல் ஆடும். சீப்பு எங்கே என்று கேட்பதற்குள் கை தலையைச் சுற்றி ஒரு ரவுண்டு வந்துவிடும்.

மகன் சிவப்பிரகாஷ் துபாய்க்குப் போகும்போது ஒரு குட்டிக் கம்ப்யூட்டரை வாங்கி, சுவரை அடைக்கிற டிவியோடு இணைத்து, மூலைக்கு மூலை ஸ்பீக்கர் வைத்து, "தியேட்டரே வீட்டுக்கு வந்தாச்சுப்பா" என்று சொல்லிவிட்டுப் போனான். கொஞ்ச நாள் தியேட்டராகத்தான் இருந்தது. அப்புறம் கம்ப்யூட்டர் தன்னைத்தானே என்னவோ புதுப்பித்துக்கொண்டது. அன்றிலிருந்து படத்தில் வாய் முன்னால் போயிற்று, சத்தம் பின்னால் வந்தது. வில்லன் செத்து விழுந்த பிறகு அலறினான். கதாநாயகன் கல்யாணம் பண்ணிக்கொள்கிறாயா என்று கேட்டது வெளியே வருவதற்குள் கதாநாயகி தலையை ஆட்டிவிட்டு அடுத்த சீனுக்குப் போயிருந்தாள்.

செல்வியும் அப்போதுதான் சோபாவை விட்டு எழுந்து போக ஆரம்பித்தாள் என்பது செந்தூர்வேலின் கணக்கு. கல்யாணமான நாள் முதல், விளக்கு வைத்த பிறகு அவருக்கு இடப்பக்கம் அவள் இடம். கையில் ஒரு சுளகு, அதில் முருங்கைக் கீரையோ பயறோ. படம் ஓட ஓட இவள் வாயும் ஓடும். "இவன்தான் கொன்னுருப்பான். முழியைப் பாருங்க." பாதிப் படத்தில் கொலைகாரனைக் காட்டிக்கொடுத்துவிடுவாள் என்று அவர் எத்தனையோ நாள் எரிச்சல்பட்டிருக்கிறார். இப்போது வருகிறாள், சற்று நேரம் உட்காருகிறாள், தலைவலி என்று பக்கத்து வீட்டு இந்துமதியிடம் போய்விடுகிறாள். அவள் உட்கார்ந்து உட்கார்ந்து சோபாவில் விழுந்திருந்த பள்ளம் மெல்ல மேடாகி வந்தது. செந்தூர்வேலுக்கு யார் கொலைகாரன் என்று கடைசி வரை தெரியவில்லை. தெரிந்தபோது அது சந்தோஷமாகவும் இல்லை.

ஒருநாள் அடுக்களைக்கே போய்க் கேட்டார்.

"ஏளா, ஏன் எந்திரிச்சு வந்துட்ட?"

அவள் முதுகு பதில் சொல்லவில்லை. சுற்றிக்கொண்டு முன்னால் போய் நின்றார்.

"ஏன் எந்திரிச்சுட்டன்னு கேட்டேன்."

"அங்கன வாய் ஒண்ணு சொல்லுது, நமக்கு ஒண்ணு விளங்குது. தலை வலிக்கு."

போதாதா. நோய் தெரிந்துவிட்டது. செல்விக்குப் பாம்புக்காது, இந்த இம்மி வித்தியாசம்கூட அவளுக்குத் தாங்கவில்லை என்று முடிவு கட்டினார். கம்ப்யூட்டரில் ஒரு பட்டனைத் தட்டினால் சத்தம் ஒரு நூல் முன்னால் நகரும். இன்னொன்றைத் தட்டினால் பின்னால் போகும். நாள் முழுக்கத் தட்டினார். தன் காதுக்குச் சரியாக வந்ததும் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவள் உட்கார்ந்தாள். எழுந்தாள். போனாள்.

அப்படியானால் இன்னும் ஒரு நூல் பாக்கி இருக்கிறது. அது தன் காதுக்குப் பிடிபடாது. அவள் காதைத்தான் நீதிபதியாக வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் விசாரணை ஆரம்பித்தது.

"நான் ஒவ்வொரு தட்டா தட்டுதேன். சரியா வந்ததும் சொல்லு."

"அடுப்புல சாளை மீன் குழம்பு கிடக்கு."

"சாளை எங்கயும் ஓடிராது."

"ஓடத் தெரிஞ்சிருந்தா சட்டிக்கு ஏன் வருது. தட்டுங்க."

சோபாவுக்கு வருவாள் என்று பார்த்தார். அவள் ஒரு நாற்காலியை இழுத்து டிவிக்குப் பக்கத்தில், அவர் முகத்துக்கு நேராகப் போட்டுக்கொண்டாள்.

"அங்கன இருந்தா படம் எப்படித் தெரியும்?"

"படத்தையா பாக்கச் சொன்னீங்க? சத்தத்தைத்தான கேக்கச் சொன்னீங்க."

நியாயம்தான். தட்டினார்.

"இப்ப?"

"இல்ல."

"இப்ப?"

"கிட்ட வந்துட்டு."

"இப்ப?"

"தாண்டிட்டீங்க. ஒண்ணு பின்னால போங்க."

அசந்துபோனார். அவர் மனசில் நினைத்ததை அப்படியே சொல்லுகிறாள். கூண்டில் இருந்த எந்த கிரேன் டிரைவரும் இத்தனை சுத்தமாகத் தன்னோடு ஒத்துப்போனதில்லை. இருந்தாலும் சந்தேகம். மகன் விட்டுப்போன ஹெட்போனைத் தேடி எடுத்துக் கம்ப்யூட்டரில் சொருகி, காதில் மாட்டிக்கொண்டு, கண்ணை இடுக்கிக்கொண்டு தட்டினார். ஒரு தட்டு. இன்னொரு தட்டு. இப்போது உதடும் சொல்லும் ஒட்டிக்கொண்டன. அவருடைய முஷ்டி தன்னால் மடங்கியது.

"இப்ப கரெக்ட்டு" என்றாள் செல்வி. "சத்தம் கண்ணாடி மாதிரி இருக்கு. இத்தோட விடுங்க."

கண்ணாடி மாதிரி இருக்கிற சத்தத்தைக் கேட்க ஆசையாக ஹெட்போனைக் கழற்றினார்.

ஹாலில் ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது. இந்துமதி வீட்டுக் குக்கர் கேட்டது. டிவியில் ஒரு மனிதன் மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். ஹெட்போனைச் சொருகினால் ஸ்பீக்கர் மொத்தமும் ஊமையாகிவிடும். சின்னப் பிள்ளைக்குத் தெரிந்த விஷயம். இவர் மறந்துவிட்டார். இத்தனை நேரம் செல்வி இருந்த பக்கம் ஒரு பொட்டுச் சத்தம் இல்லை.

எந்தப் பட்டனையும் தொடாமல் விரலை மட்டும் ஆட்டினார். "இப்ப?"

"கெட்டுப் போச்சே. இருந்தபடி வைங்க."

முஷ்டியை மடக்கினார்.

"ஆ, வந்துட்டு."

செந்தூர்வேல் டிவியை அணைத்தார். செல்வி, அப்பாடா முடிந்தது என்று அடுப்பைப் பார்க்கப் போனாள்.

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். போன வருஷம் மீசையை எடுக்கச் சொன்னாள். எடுத்தால் பத்து வயசு குறையும் என்றாள். இவரும் நம்பி, கண்ணாடியில் குறைந்த வயசைத் தேடினார். உதட்டை மறைத்துக்கொண்டிருந்திருக்கிறது மீசை. வடநாட்டு டப்பிங் சீரியலை எல்லாம் விட்டாள். தன் பேச்சைக் கேட்டுத் திருந்திவிட்டாள் என்று நினைத்தார். மாசத்துக்கு ஒருதரம் இந்துமதியைக் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டையில் பெரியாஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா பாசம் என்று நினைத்தார். "நான் வாயைத் திறந்தா எம்பொண்டாட்டி கைவேலையைப் போட்டுட்டு என் முகத்தையே பாப்பா" என்று பழைய துறைமுகக் கூட்டாளிகளிடம் பெருமையடித்திருக்கிறார். அவர்களும் பொறாமைப்பட்டார்கள், பாவம்.

செல்வி சுளகோடு வந்து சோபாவில் உட்கார்ந்து கீரை உருவ ஆரம்பித்தாள். செந்தூர்வேல் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, டிவியின் முன்னால் நின்று வயரைப் பிடுங்குவது போலப் பாவனை செய்தார். மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

"சாளைக் குழம்புல இன்னைக்கும் உப்பு கூடத்தான் இருக்கும்."

பதில் இல்லை.

"உங்க அக்கா மாப்பிள்ளை சிரிச்சா லாஞ்சிப் படகு கிளம்புத மாதிரி இருக்கு. தீபாவளிக்குத் தீபாவளி அதைக் கேக்க என்னால ஆகாது."

கீரை உருவும் சத்தம்தான் வந்தது. இத்தனை வருஷமாக நெஞ்சில் அடக்கி வைத்திருந்த இரண்டு பேச்சு. பயமில்லாமல் சொல்லியாயிற்று. கேட்க ஆளில்லாமல் சொன்னபோது அதில் ஒரு ருசியும் இல்லை. அப்புறம் அவர் சொன்னது சோதனைக்காகச் சொன்னது அல்ல.

"காது போயிருக்கு. இந்துமதிக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியல. கையைக் காட்டியே சோறு தின்னவன் நான். கூண்டுல இருக்கவன் என்னை விட்டுக் கண்ணை எடுத்தா அந்த நிமிசமே தெரிஞ்சிரும் எனக்கு. நீ கண்ணே எடுக்காம என்னையே பாத்துட்டு இருந்திருக்க. ஏன்னு கேக்கத் தோணல. இம்புட்டு நாளும் தனியாவால்லா இருந்திருக்க, செல்வி."

கடைசியில் குரல் உடைந்தது. அது உடைந்த சத்தம் அவருக்கு மட்டும்தான் கேட்டது.

"உப்பு அளவாத்தான் போட்டிருக்கேன்" என்றாள் செல்வி.

அவர் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

"அத்தான் சிரிப்பைப் பத்திச் சொன்னது நம்மோட இருக்கட்டும். அக்காவுக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவா."

திரும்பினார். அவள் கையிலிருந்த கீரைக் காம்பால் அவருக்குப் பின்னால் காட்டினாள். அணைந்த டிவியின் கருப்பில் ஆள் உயரத்துக்குச் செந்தூர்வேல் நின்றார். மீசையில்லாத முகம், வாய் திறந்தபடி.

"இம்மாம் பெரிய கண்ணாடியை மாட்டி வச்சுட்டு அதுக்கு முன்னால நின்னு ரகசியம் பேசுதீங்க."

அவர் வந்து அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். முகம் அவளுக்குத் தெரிகிற மாதிரி.

"எப்ப இருந்து?"

"இடது பக்கம் அடியோட போயிட்டு. வலது பக்கம் போயிட்டு இருக்கு. சத்தம் வருது, என்ன சத்தம்னு விளங்க மாட்டேங்கு. நரம்பாம்."

"அதான் பக்கத்துல உக்காரதில்லயா?"

செல்வி ஒரு கொத்துக் கீரையை உருவி முடித்தாள்.

"பக்கத்துல உக்காந்தா உங்க வாய் தெரியாது. படத்துல இருக்கவன் சொல்லுதது விளங்காட்டி போகுது. நீங்க சொல்லுததும் விளங்கலன்னா, அப்புறம் அங்கன எதுக்கு உக்காரணும்."

அவர் சுளகைத் தள்ளி வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கீரைச் சாறு பச்சையாக ஒட்டிற்று. கப்பலிலிருந்து எத்தனையோ பாரத்தை அலுங்காமல் இறக்கிய கை அது. இதை எங்கே இறக்குவது என்று அதற்குத் தெரியவில்லை. அவளும் கையை அப்படியே விட்டுவைத்தாள். இருவருக்கும் கண் நிறைந்து, எதிரில் இருக்கிற முகம் சரியாகத் தெரியவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா" என்றார்.

செல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"டாக்டர் மெஷின் வைக்கச் சொன்னாரா?"

"சொன்னாரு. அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்காரு. வச்சாலும் பழைய மாதிரி கேக்காதாம்."

செந்தூர்வேல் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு கையால் கண்ணைத் துடைத்தார். அவள் கையைப் பிடித்திருந்த இன்னொரு கையில் ஒரு விரல் மட்டும், எதையோ யோசித்தபடி, மெல்லத் தட்ட ஆரம்பித்தது. அப்புறம் நிமிர்ந்து, அவளுக்கு நன்றாக விளங்கும்படி உதட்டை அகலப் பிரித்துக் கேட்டார்.

"அந்த மெஷின் ப்ளூடூத்தா?"

செல்வி கையை உருவிக்கொண்டாள்.

"இதுக்குத்தான் சொல்லல."