முட்டைக்கோஸ் பக்கத்தில் இருந்தால் ஓடும் கம்ப்யூட்டர்

ஒரு கம்ப்யூட்டரைத் திறந்துகூடப் பார்க்காமல் அதன் கோளாறு என்ன என்று தப்பாகச் சொல்லத் தெரிந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். கொடைக்கானல் பஜாரில், ஒரு பாயின் ஜவுளிக்கடை மாடியில் அவர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. ஊர் முழுக்க அவர் முட்டைக்கோஸ்தான்.

பெயருக்குக் காரணம் அவருடைய ஸ்வெட்டர்கள். ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டிருப்பார். பிறந்தது பெரியகுளம். இளவயதில் அடுக்கம் மலைப்பாதை வழியாக மேலே ஏறி வந்தவர், வந்த நாளிலிருந்து இந்த ஊர்க் குளிரை மன்னிக்கவே இல்லை. மே மாதம் டூரிஸ்ட்கள் எல்லாம் அரைக்கைச் சட்டையில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டு போகும்போது, இவர் கைகள் உடம்போடு ஒட்ட முடியாமல் இரண்டு பக்கமும் விரிந்து நிற்க, நடந்து வருவார். அதற்குள் மனிதர் எவ்வளவு, கம்பளி எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

இவரிடம்தான் நான் போய் மாட்டினேன்.

சென்னையில் ஒரு லாரி கம்பெனிக்கு நான் வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறேன். கோபக்காரி என்று பெயர் எடுத்தவள். அதில் எனக்கு வருத்தம் கிடையாது. என் வீட்டுக் கம்ப்யூட்டர் திடீர் திடீரென்று நின்றுபோகும். மௌஸ் நகராது, எழுத்து விழாது, தட்டினாலும் கேட்காது. சும்மா இருக்கும்போது நிற்காது. முதலாளி மீட்டிங்கில் வந்து உட்கார்ந்ததும் நிற்கும். நான் வாயைப் பிளந்துகொண்டு, ஒரு கண் மூடி, ஒரு கண் திறந்து, சென்னையில் அத்தனை பேர் திரையிலும் அப்படியே நிற்பேன். செல்போனில் பேசலாம் என்றால் எங்கள் வீட்டில் சிக்னல் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினால்தான் கிடைக்கும்.

கடைசியில் முதலாளி சொல்லிவிட்டார். "வருஷக் கணக்கு மீட்டிங் வருதும்மா. அதுலயும் இப்படி சிலை மாதிரி நின்னீங்கன்னா, பேசாம சென்னைக்கே வந்து வேலை பாருங்க. இல்லன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்."

வேலையை விட முடியாது. சென்னைக்கும் போக முடியாது. என் வீட்டுக்காரர் அந்தோணி தாண்டிக்குடி ரோட்டில் ஜீப் ஓட்டுகிறவர். சமவெளியில் வந்து ஓட்டுங்களேன் என்றால், "வளைவே இல்லாத ரோட்டுல எப்பிடிடி தூங்காம ஓட்டுறது?" என்பார். அவர் இங்கே, நான் அங்கே என்று ஆகிவிடும். அதனால் கம்ப்யூட்டர் சரியாகியே தீர வேண்டும்.

கதையை ஒளித்து வைத்துச் சொல்ல எனக்கு வராது. கோளாறு என்ன என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். ஹீட்டர். கால் குளிருக்காக மேஜைக்கு அடியில் ஒரு ஹீட்டர் வைத்திருந்தேன். பக்கத்திலேயே கம்ப்யூட்டர் பெட்டி. "அதுக்கும் குளிரும்ல" என்று அந்தோணி பெட்டியை ஹீட்டருக்கு நேராக நகர்த்தி, மேலே ஒரு கம்பளியும் போர்த்தியிருந்தார். எங்கள் ஊரில் எது கெட்டாலும் குளிர்தான் காரணம். தேங்காய் எண்ணெய் இறுகும், இட்லி மாவு பொங்காது, ஸ்கூட்டர் கிளம்பாது. எண்ணெயையும் மாவையும் அடுப்புப் பக்கத்தில் வைத்தால் சரியாகிவிடும். கம்ப்யூட்டருக்கும் அதையே செய்தோம். அது உள்ளுக்குள் வெந்து செத்துக்கொண்டிருந்தது. ஐயோ பாவம், நடுங்குகிறது என்று நாங்கள் கம்பளியை இன்னும் இழுத்துப் போர்த்தினோம்.

இவ்வளவுதான் கோளாறு. இதைக் கண்டுபிடிக்காமல் இருக்க முட்டைக்கோஸ் எவ்வளவு பாடுபட்டார் என்பதுதான் மீதிக் கதை.

முதல் நாள் வாசலிலேயே ஆரம்பித்தார்.

"கதவை வெரசா சாத்துங்க டீச்சர், பனி உள்ள வருது."

"நான் டீச்சர் இல்ல."

"சரிங்க டீச்சர்."

கண்ணாடி போட்ட பெண்கள் எல்லாரும் அவருக்கு டீச்சர். உள்ளே வந்தவருக்கு நாலு எட்டு வைப்பதற்குள் வேர்த்துவிட்டது. "என்ன டீச்சர், வீடு கொதிக்குது?" என்று சொல்லிக்கொண்டே காலாலேயே சுவிட்சைத் தட்டி ஹீட்டரை அமர்த்தினார்.

"ஒரு ஸ்வெட்டரைக் கழட்டுனா என்ன?" என்றேன்.

"கழட்டுனா குளிருமே."

"அப்ப ஹீட்டரை எதுக்கு அமத்துனீங்க?"

"வேர்க்குதே."

இதற்கு மேல் ஒரு மனிதரிடம் என்ன பேசுவது? இதோடு விடவில்லை. ஹீட்டரை அமர்த்தியதால் இனிமேல் குளிரும் என்று, பெட்டிமேல் இருந்த கம்பளியை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு கம்ப்யூட்டருக்கு எதிரே நாற்காலி போட்டு, கைகட்ட முயன்று, முடியாமல், முழங்காலில் கைகளை வைத்துக்கொண்டு அதையே முறைத்துப் பார்த்தார். மதியம் வரை பார்த்தார். அது நிற்கவே இல்லை. என் வீட்டு இட்லியைத்தான் நிற்காமல் சாப்பிட்டார்.

"மிஷின் நல்லாத்தான கெடக்கு. நீங்க இதைத் திட்டுவீங்களோ?"

"பின்ன, மடியில வச்சுக் கொஞ்சுவாங்களா?"

"அதான் பயந்து நிக்குது. கொஞ்சம் தன்மையா பேசிப் பாருங்க."

கிளம்பும்போது, "டீச்சருக்குக் கால் குளிரும்" என்று ஹீட்டரைத் திரும்பப் போட்டார். கம்பளியை எடுத்துப் பெட்டிக்கு அழகாகப் போர்த்திவிட்டார். நல்ல மனசு. அவர் தெருமுனை தாண்டியிருக்க மாட்டார், கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. ஜன்னலைத் திறந்து கத்தினேன். திரும்பி வந்தார். ஹீட்டரை அமர்த்தினார். கம்பளியைப் போர்த்திக்கொண்டார். கம்ப்யூட்டர் ஓடியது. வந்தால் ஓடும், போனால் நிற்கும். அந்தோணியும் சேர்த்து நாங்கள் மூன்று பேரும் இதைக் கண்ணால் பார்த்தோம். ஒருவருக்கும் ஹீட்டர் ஞாபகம் வரவில்லை. கொடைக்கானல் வீட்டில் ஹீட்டர் என்பது சுவர் மாதிரி. சுவரை யார் சந்தேகப்படுவார்கள்?

அடுத்த தடவை, மூடுபனி உள்ளே போய்விட்டது என்றார். பெட்டியில் இருக்கிற அத்தனை ஓட்டையிலும் பஞ்சு அடைத்தார். எனக்கு மௌஸ் சொருக ஓட்டை இல்லை. எடுங்கள் என்றேன். எடுத்தார். பாதி உள்ளே போய்விட்டது. பஞ்சு போனால் போகட்டும், ஈரத்தை இழுக்கக் காப்பிக்கொட்டைதான் நல்லது என்று அந்தோணியிடம் சொல்லிவைத்தார். எங்கள் வீட்டுக்காரருக்கு யார் என்ன சொன்னாலும் சரிதான். தாண்டிக்குடியிலிருந்து ஒரு சாக்கு காப்பிக்கொட்டை ஜீப்பில் வந்து இறங்கியது. கம்ப்யூட்டரைத் தூக்கி அதற்குள் புதைத்தார்கள்.

வெளியே எடுத்தபோது ஈரம் போயிருந்ததோ என்னவோ, கொட்டைகள் உள்ளே போயிருந்தன. பெட்டியை நகர்த்தினால் குழந்தை கிலுகிலுப்பை ஆட்டுகிற சத்தம். வெந்துகொண்டே இருந்த பெட்டி அல்லவா, உள்ளே கொட்டைகள் லேசாக வறுபட்டன. வீடு முழுக்க வாசனை. பக்கத்து வீட்டார் தினம் ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு காப்பி நேரத்துக்கு வந்தார்கள். நான் கம்ப்யூட்டர் முன்னால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன்.

பிறகுதான் காட்டுமாடு வந்தது.

எங்கள் தெருவில் காட்டுமாடு வருவது புதிதில்லை. சாயங்காலம் ஆனால் வாசலில் வந்து நிற்கும். அது எங்கள் வீட்டு எதிரே கரண்டுக் கம்பத்தில் முதுகு சொறிவதை முட்டைக்கோஸ் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்துபோயிற்று.

"புடிச்சுட்டேன் டீச்சர்! மாடு உரசுது, கம்பம் ஆடுது, கரண்டு ஆடுது, மிஷின் நிக்குது."

"போன வாரம் காலையில நின்னுச்சே, அப்ப மாடே இல்லயே?"

"நீங்க பாக்கலன்னா மாடு வரலன்னு அர்த்தமா?"

சோதனை செய்தே ஆக வேண்டும் என்றார். அந்தோணியைக் குடையோடு வாசலில் நிறுத்தினார். இவர் கம்ப்யூட்டர் முன்னால். நான் இரண்டு பேருக்கும் நடுவில், கொலை செய்கிற மனநிலையில்.

"உரசுதா மாப்ள?" என்று உள்ளேயிருந்து இவர்.

"உரசுதுங்க!" என்று வெளியேயிருந்து அவர்.

"இங்க ஓடுது! நல்லா உரசச் சொல்லுங்க!"

"அதுகிட்ட நான் எப்பிடிங்க சொல்றது?"

"ஏங்க, உங்க முதுகைக் காட்டி உரசிக் காட்டுங்க!"

என் வீட்டுக்காரர் சொன்னதைச் செய்தார். கம்பத்தின் ஒரு பக்கம் மாடு, மறு பக்கம் அந்தோணி. தெரு முழுக்கப் பார்த்தது. ஒரு டூரிஸ்ட் குடும்பம் வண்டியை நிறுத்திப் படம் பிடித்தது. மாடு அந்தோணியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இந்த மாதிரி ஆட்களோடு பழகக் கூடாது என்பதுபோல நடந்துபோய்விட்டது. கம்ப்யூட்டர் அன்றைக்கு நிற்கவே இல்லை. ஹீட்டரைத்தான் முட்டைக்கோஸ் வந்தவுடனேயே அமர்த்திவிட்டாரே.

வருஷக் கணக்கு மீட்டிங் வந்துவிட்டது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. பாய் கடை மாடிக்கே போய் நின்றேன்.

"இங்க பாருங்க. உங்க வைத்தியம் ஒண்ணும் வேண்டாம். நீங்க பக்கத்துல இருந்தா அது ஓடுது. மீட்டிங் முடியிற வரைக்கும் எங்க வீட்ல வந்து இருங்க. வேற சோலி இருந்தா நாளைக்குப் பாத்துக்கங்க."

அவருக்கு ஒரே பெருமை. "என்னைக் கண்டா அதுக்கு ஒரு மரியாதைதான் டீச்சர்."

கேமராவில் தெரியக் கூடாது என்பதால் மேஜைக்கு அடியில் அவரை வைத்தோம். வைத்தோம் என்றால், அந்தோணியும் நானும் மெத்தையை உறைக்குள் திணிப்பதுபோலத் திணித்தோம். உள்ளே போன உடனே ஹீட்டரை அமர்த்திவிட்டார். மீட்டிங் ஆரம்பித்தது. முதலாளி முதல் வரியிலேயே டீசல் கணக்கைக் கேட்டார். சொன்னேன். டயர் கணக்கைக் கேட்டார். சொன்னேன். கம்ப்யூட்டர் தண்ணீர் மாதிரி ஓடியது.

ஆனால் வெளியே மழை. எனக்குக் கால் விறைத்துப் பல் தந்தியடித்தது. எண்களைச் சொன்னால் நடுக்கத்தில் இரண்டு தடவை வருகிறது. முதலாளி டீசல் செலவு ஏன் இரட்டிப்பானது என்று சந்தேகப்பட்டார். கால் பெருவிரலால் மெதுவாக ஹீட்டரைப் போட்டேன். கீழேயிருந்து ஒரு கை அதை அமர்த்தியது. நான் போட்டேன். கை அமர்த்தியது. மேலே முதலாளியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, கீழே அந்தக் கையை மிதித்துக்கொண்டு, ஹீட்டரைப் போட்டு சுவிட்சின் மேலேயே காலை வைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் முதலாளியின் உதடு ஒரு பக்கம் நின்றது. மறுபடி அசைந்தது. மறுபடி நின்றது. சென்னையில் ஏதோ ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் தகரப் பெட்டியோடு நான் நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது.

அப்போது மேஜைக்கு அடியிலிருந்து ஒரு குரல்: "டீச்சர், ஹீட்டரை அமத்துங்க! நான் அவிஞ்சு செத்துருவேன்!"

மேஜை தூக்கிக்கொண்டு எழுந்தது. முட்டைக்கோஸ் வெளியே வந்தார். கையில் பிளக்கோடு பிடுங்கிய ஹீட்டர். வந்தவர் கேமராவுக்கு நேராக நின்றுகொண்டு, மூச்சு வாங்க, ஒரு ஸ்வெட்டரைக் கழற்றினார். இன்னொன்றைக் கழற்றினார். நீலம் போய்ப் பச்சை வந்தது, பச்சை போய்க் கட்டம் போட்டது வந்தது. கடைசியில் பனியனோடு ஒரு ஒல்லியான, நரைத்த மனிதர் நின்றார். வழியில் பார்த்தால் எனக்கு அவரை அடையாளமே தெரிந்திருக்காது.

நான் திரையைப் பார்த்தேன். முதலாளியின் உதடு அசைந்துவிட்டது. ஹீட்டரைப் பார்த்தேன். கம்பளி போர்த்திய பெட்டியைப் பார்த்தேன். தொட்டேன். சுட்டது. எனக்கு அப்போதுதான் புரிந்தது. இவ்வளவு நாள் நான் ஒரு முட்டாளாக இருந்திருக்கிறேன் என்று கோபம் வந்தது. அந்தக் கோபத்தை யார்மேல் காட்டலாம் என்று தேடினேன்.

அதற்குள் முதலாளி, "யாரும்மா அது? என்ன நடக்குது அங்க? இதுக்குத்தான் வீட்ல இருந்து வேலை வேண்டாம்னு..." என்று குரலை உயர்த்த ஆரம்பித்தார்.

முட்டைக்கோஸ் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். பனியனோடு நடுங்கிக்கொண்டே பேசினார்.

"ஐயா, டீச்சரைத் திட்டாதீங்க. அவுக வெள்ளனே எந்திரிச்சு உங்க கணக்கத்தான் பாக்காக. நானே பாத்தேன். தப்பெல்லாம் மிஷின் மேலதான், அதுக்கு நான் பொறுப்பு. மெட்ராசுக்கு மட்டும் கூப்புடாதீங்க ஐயா. இங்கன்னா இவுக ஏசுறது எங்களுக்குப் பழகிப்போச்சு. அங்க வந்தா பழகாத ஆளுக, தாங்குவாகளா?"

முதலாளியின் உதடு மறுபடி ஒரு பக்கமாக நின்றது. கம்ப்யூட்டர் மறுபடி நின்றுவிட்டதோ என்று பயந்துபோனேன். இல்லை. முதலாளி சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

"வேண்டாம்மா," என்றார் கடைசியில். "நீங்க அங்கயே இருங்க. டீச்சர் அங்கயே இருக்கட்டும்."

அதன் பிறகு கம்பளியை எடுத்தோம், பெட்டியை ஜன்னல் பக்கம் மாற்றினோம். இன்றுவரை அது நிற்கவில்லை. முட்டைக்கோஸிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஹீட்டரெல்லாம் சும்மா டீச்சர். உங்க முதலாளிகிட்ட நான் பேசுன பேச்சுல மிஷினுக்கே பயம் வந்துருச்சு" என்றார்.

அந்த மழைக் குளிரில் பனியனோடு நின்றதில் அவருக்கு நெஞ்சுச் சளி கட்டிவிட்டது, படுத்துவிட்டார். நான் மிளகு ரசம் வைத்து, பாய் கடை மாடிக்குத் தூக்குச்சட்டியில் கொண்டுபோனேன். ஒரு வாய் குடித்துவிட்டு மூக்கைச் சுருக்கினார்.

"உப்பு பத்தாது டீச்சர்."

எனக்குத் திட்டு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. மாடிப்படி ஏறி, கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்தவளிடம் பேசுகிற பேச்சா இது? ஆனால் நான் ஊரையே திட்டுகிறவள். டீச்சரைத் திட்டாதீங்க என்று எனக்காக இன்னொருவரிடம் சொன்ன ஆள், நான் பிறந்ததிலிருந்து இந்த ஒருவர்தான். பேசாமல் இறங்கிப் போய், பாயிடம் கேட்டு ஒரு சிட்டிகை உப்பு வாங்கி வந்து போட்டேன்.