மோரி சாருக்கு ஒரு வரவேற்பு ஃபிளெக்ஸ்

அரைகுறையாகத் தெரிந்த மொழி தரும் தைரியத்தை முழுதாகத் தெரிந்த மொழி ஒருநாளும் தராது. தமிழில் ஒரு விடுப்பு விண்ணப்பம் எழுத எனக்கு இன்றும் நாலு தாள் கிழிக்க வேண்டும். ஜப்பானிய மொழியிலோ, சில மாதப் படிப்பை வைத்துக்கொண்டு ஆள் உயர ஃபிளெக்ஸே அடித்தவள் நான்.

படிக்கத் தொடங்கியதற்குக் காரணம் என் கணவர் ஜெபராஜ். சென்னைப் பக்கம் ஒரு ஜப்பானியத் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. அவரைக் குடும்பத்தோடு இரண்டு வருடம் ஜப்பானுக்கு அனுப்பலாம் என்று பேச்சு அடிபட்டது. அவர் வேலையிடத்தில் பேசிப் பேசி அந்த மொழியைச் சரளமாகவே பேசுவார். ஆனால் ஓர் எழுத்து வாசிக்க வராது. "வாசிப்பை நான் பாத்துக்கிடுதேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு, தக்கலையில் மாமியார் வீட்டில் இருந்தபடி கைப்பேசியில் பாடம் ஆரம்பித்தேன்.

அந்த மொழிக்கு மூன்று வகை எழுத்து. முதல் இரண்டும் நம் அகர வரிசை போல அடக்கமானவை. செயலியில் விளையாடி, இணையத்தில் காணொளி பார்த்து, சோறு வடிக்கிற நேரத்திலேயே பிடித்துவிட்டேன். மூன்றாவது சீனத்திலிருந்து வந்த சித்திர எழுத்து, ஆயிரக்கணக்கில் இருக்கிறது. சாம்பாரில் கறிவேப்பிலையை ஒதுக்குவது போல நான் அதை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை வாசித்தேன். (அர்த்தமெல்லாம் அந்தக் கறிவேப்பிலையில்தான் இருக்கிறது என்று எந்தக் காணொளியும் அப்போது எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருக்கும், நான் ஓட்டிவிட்டிருப்பேன்.)

பிறகு கண்ணில் பட்டதையெல்லாம் வாசித்தேன். ஜெபராஜ் கொண்டுவரும் மிட்டாய்ப் பொட்டலம், நூடுல்ஸ் உறை, எதையும் விடவில்லை. முட்டத்துக்கு மீன் வாங்கப் போனால்கூட, கரையில் கிடந்த வள்ளத்தின் ஜப்பான் என்ஜினில் ஒட்டியிருந்த சீட்டை உரக்க வாசித்தேன். வள்ளக்காரர் ஆசையாக அருகில் வந்தார்.

"என்னத்தையாக்கும் எழுதியிருக்கு?"

"'ஆயில்'னு போட்டிருக்கு அண்ணா."

"ஆயில் விடணுமா, விடக்கூடாதா?"

"அது மூணாவது எழுத்துல இருக்கு."

அவர் மீனை எடைபோடப் போய்விட்டார்.

இந்த நிலையில்தான் ஜெபராஜின் மேலதிகாரி மோரி சார் கன்னியாகுமரிக்குச் சூரிய உதயம் பார்க்க வந்தார். மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில். ஜப்பானுக்கு யாரை அனுப்புவது என்று முடிவெடுப்பவரும் அவர்தான். என் ஜப்பான் கனவு மொத்தமும் அன்று அவர் கையில் இருந்தது.

"இவ்வளவு பெரிய ஆளு வருதாரு, வாசல்ல ஒரு ஃபிளெக்ஸ் இல்லன்னா எப்படி மக்களே?" என்றார் மாமியார். "எதிர்வீட்டுல பிள்ளை பிளஸ் டூ பாசானதுக்கே மூணு கெட்டியிருந்தாவ."

"அதுல ஜப்பான் எழுத்துலயே எழுதீருவோம் மாமி" என்று நான் முந்திக்கொண்டேன்.

எழுத எனக்குத் தெரியாது. ஆனால் தேட வரும். இணையத்தில் துழாவியபோது அடக்கமான, அழகான ஒரு படம் கிடைத்தது. சுற்றிலும் சாம்பல் நிறக் கரை, இருபுறமும் வெள்ளைச் செவ்வந்தி, நடுவில் படம் வைக்க இடம், கீழே ஒற்றை வரி. அதை வாசித்தேன். தொடக்கத்தில் ஒரு மரியாதை எழுத்து, நடுவில் இன்னொரு மரியாதை எழுத்து, முடிவில் பணிவாக 'செய்கிறோம்'. இடையில் இருந்த சித்திரங்களை வழக்கம்போல் ஒதுக்கினேன். இவ்வளவு மரியாதையோடு வரவேற்பைத் தவிர வேறு எதைச் செய்துவிடப் போகிறார்கள்?

கம்பெனி இணையதளத்திலிருந்து மோரி சாரின் படத்தை எடுத்து நடுவில் வைத்தோம். கறுப்புக் கோட்டு போட்டிருந்தார், சிரிப்பு இல்லை. ஆனால் எங்கள் ஊரில் ஃபிளெக்ஸ் அதோடு முடியாது. கீழே சொந்தக்காரர்கள் கைகூப்பி வரிசையாக நிற்க வேண்டும். குடும்ப வாட்ஸ்அப்பில் கேட்ட மாத்திரத்தில் படங்கள் வந்து குவிந்தன. குவைத்தில் இருக்கும் சித்தப்பா கூலிங்கிளாஸோடு கைகூப்பியிருந்தார். "எனக்க படத்தை ஓரத்துல போட்டா நான் சாப்பாட்டுக்கு வரமாட்டேன்" என்று பெரிய மாமா சொல்லி அனுப்பியதால், அவரை மோரி சாரின் தாடைக்கு நேர் கீழே நிறுத்தினோம். ஜெபராஜ் விருந்தாளியை அழைத்துவரக் கன்னியாகுமரிக்குப் போயிருந்தார். அவர் பார்க்காமலே ஃபிளெக்ஸ் வாசலில் ஏறியது.

கார் வந்து நின்றது. மோரி சார் இறங்கி, நிமிர்ந்து பார்த்து, அப்படியே நின்றுவிட்டார். பெருமையில் எனக்கு நெஞ்சு விம்மியது. அவர் மெல்ல நடந்து ஃபிளெக்ஸுக்கு முன்னால் வந்தார். கைகூப்பினார். தன் படத்தைப் பார்த்துக் குனிந்து ஒரு கும்பிடு போட்டார். பிறகு ஜெபராஜிடம் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். ஜெபராஜின் முகத்தில் இரத்தம் வற்றியது.

"எட்டி, அதுல என்ன எழுதியிருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"வரவேற்பாக்கும்."

"'உங்க ஆத்மா சாந்தியடைய வேண்டுகிறோம்'னு எழுதியிருக்காம். தான் எப்ப செத்தேன்னு கேக்குதாரு."

எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல் இருந்தது. ஜப்பானும் போச்சு, இவர் வேலையும் போச்சு என்றுதான் நினைத்தேன். விஷயம் புரிந்த மாமியார் "யேசப்பா" என்று தூணைப் பிடித்துக்கொண்டார். பெரிய மாமா மட்டும், தன் படம் நன்றாக விழுந்திருக்கிறதா என்று இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மோரி சார் கீழ்வரிசையை விரலால் காட்டி மறுபடி ஏதோ கேட்டார். ஜெபராஜ் சங்கடமாகப் பதில் சொன்னார். அவ்வளவுதான், மனிதர் சிரிக்க ஆரம்பித்தார். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என்ன சொல்லுதாரு?" என்றேன், உயிர் பாதி திரும்பி.

"இவங்க எல்லாம் யாருன்னு கேட்டாரு. எங்க சொந்தக்காரங்கன்னேன். நெசமாவே செத்தாலும் தனக்கு இத்தனை பேரு வரமாட்டாங்கன்னு சொல்லுதாரு."

அன்று அவர் மீன்குழம்பை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கிளம்பும்போது ஃபிளெக்ஸைக் கழற்றிச் சுருட்டித் தரச் சொல்லிக் கையோடு எடுத்துப் போனார். அடுத்த மாதம் ஜெபராஜுக்கு ஜப்பான் போக உத்தரவு வந்தது. காரணத்தை மோரி சாரே அவரிடம் சொன்னாராம்: "உங்கள் மனைவியை ஜப்பானுக்கு அனுப்பியே ஆக வேண்டும். இந்த அரைகுறை ஜப்பானிய மொழியோடு அவரை வெளியே விட்டுவைப்பது ஆபத்து."

போய்விட்டுத் திரும்பியும் ஆயிற்று. சித்திர எழுத்துகளும் ஓரளவு பிடிபட்டன. ஆனால் மாமியார் அன்றைய அபசகுனத்தை மன்னிக்கவே இல்லை. தினமும் குடும்ப ஜெபத்தில் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பெயரெல்லாம் சொல்லி முடித்ததும், "அந்த மோரி சாருக்கு நீடித்த ஆயுசைக் கொடும் ஆண்டவரே" என்பார். அந்த ஒரு வரிக்கு மட்டும் ஒற்றைக் கண்ணைத் திறந்து என்னைப் பார்ப்பார். வீட்டில் எல்லாரும் உரக்க ஆமென் சொல்வார்கள்.