எம்.டி. வர்றார், எழுந்திருங்கள்

திருவண்ணாமலையில் எங்கள் எம்.டி. அளவுக்கு விதவிதமாகப் பொருள் தயாரித்தவர் எவருமில்லை. அவர் அளவுக்கு அதை விற்காமல் அடுக்கி வைத்திருந்தவரும் எவருமில்லை. அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்திருக்கும். ஆனால் ரேஷன் கடைக்காரர்கூட, "எம்.டி., பாமாயில் வந்துருக்கு" என்றுதான் கூப்பிடுவார். வேங்கிக்காலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ஷெட். அதற்கு அவர் எம்.டி., நான் மேனேஜர். மேனேஜர் என்றால் கணக்கு எழுதுவது, பெட்டி தூக்குவது, டீ வாங்கி வருவது. அங்கே உட்கார்ந்தே என் பாதி ஆயுசு போயிற்று என்று சொல்ல ஆசைதான். எங்கே உட்கார விட்டார்?

காலை ஒன்பதரைக்கு அவருடைய ஸ்கூட்டர் சத்தம் திருப்பத்தில் கேட்டதுமே எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். "பெரிய கம்பெனில எல்லாம் இப்படித்தான்யா" என்பார். எந்தப் பெரிய கம்பெனி என்று கேட்க எனக்குத் தெம்பில்லை. அந்த ஸ்கூட்டரோ திருப்பத்தில் ஒருமுறை நின்று போகும், பிள்ளையார் கோயிலெதிரில் ஒருமுறை நின்று போகும். அவர் உதைத்து உதைத்து வந்து சேரும்வரை நாங்கள் நிற்போம். உள்ளே வந்து கற்பூரம் காட்டி, மெஷின் சுவிட்சைத் தன் கையால்தான் போடுவார். கரண்ட் இல்லாவிட்டால் சுவிட்சில் விரலை வைத்தபடி அப்படியே நிற்பார்.

"எம்.டி. சார், கரண்ட் போயிருக்கு."

"தெரியும்யா. வர்றப்ப நான் இருக்கணும்ல?"

கரண்ட் வந்ததும் தானே அதைப் பெற்றெடுத்த மாதிரி ஒரு முகம் வேறு.

முதலில் செய்தது சோப்பு. எண்பத்தொன்பதில் ஆரம்பித்தார். எங்கள் சோப்புக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு: கரையாது. என் மனைவி இரண்டு நாள் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது சோப்பா செங்கல்லா, கேட்டுட்டு வாங்க" என்றாள். கேட்டேன். மனிதர் பூரித்துப் போனார். "கரைஞ்சா கஸ்டமருக்கு நஷ்டம்யா!" நஷ்டம் எங்களுக்குத்தான் வந்தது. ஒரு முறை வாங்கியவருக்கு மறுபடி வாங்க வேண்டிய அவசியமே வரவில்லை. அதற்குள் டி.வி.யில் வாசனை சோப்புகள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்துவிட்டன.

போர்டை அழித்து 'மெழுகுவர்த்தி' என்று எழுதினோம். பவர்கட்டை நம்பி ஆரம்பித்த தொழில். பார்த்துக்கொண்டே இருந்தோம், பக்கத்தில் கலெக்டர் ஆபீஸ் வந்தது, அடிக்கடி கரண்ட் போவது நின்றது. ஊரே சந்தோஷப்பட்டது, எங்களைத் தவிர.

பிறகுதான் பௌர்ணமிக் கூட்டம் பெருகத் தொடங்கியது. ஒரு பௌர்ணமியன்று என்னைக் கிரிவலப் பாதைக்கு இழுத்துப் போனார். கூட்டத்தின் முகத்தைப் பார்க்கவில்லை, தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மேனேஜர், எவ்ளோ காலுய்யா! செருப்பு போடுவோம்."

"சார், வெறுங்கால்லதான் நடப்பாங்க."

"போறப்ப வெறுங்காலு. திரும்பி வர்றப்ப? கோயில் வாசல்ல உட்ட செருப்பு அங்கயே இருக்கும்ன்றியா?"

அதிலே ஒரு நியாயம் இருந்ததுதான் என் போதாத காலம். ரப்பர் செருப்பு மெஷின் வந்தது. கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் பெண்களை வேலைக்குச் சேர்த்தோம். அவர்களுக்குத் தலைவி பூங்காவனம். அவள் பேசினால் மெஷின் சத்தம் கேட்காது.

முதல் பௌர்ணமியில் கடை போட்ட வேகத்தில் அத்தனையும் விற்றுவிட்டது. எம்.டி. எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். அடுத்த பௌர்ணமிக்குக் கடை திறக்கும் முன்னாலேயே கூட்டம், ஒவ்வொருவர் கையிலும் எங்கள் செருப்பு. விஷயம் இதுதான்: மலையைச் சுற்றி வந்த கால் வீங்கியிருக்கும். வீங்கிய காலுக்குப் பார்த்துப் பார்த்து வாங்கியிருக்கிறார்கள். ஊருக்குப் போய்த் தூங்கி எழுந்தால் வீக்கம் வடிந்து, செருப்பு தோணியாகிவிட்டது.

"நடந்த காலு வேற, வூட்டுக் காலு வேறன்னு எனக்கு இன்னாய்யா தெரியும்?" என்றார் என்னிடம். அடுத்த மாதம் எல்லாவற்றையும் ஒரு சைஸ் சின்னதாகச் செய்ய வைத்தார். அந்தப் பௌர்ணமிக்கு ஒரு கால்கூட உள்ளே நுழையவில்லை.

எப்படியோ சில வருஷம் ஓட்டினோம். பிறகு வெளியூர்ச் செருப்பு எங்கள் ரப்பர் விலைக்கே தெருவில் வந்து இறங்கியது. வேங்கிக்காலில் நிலத்துக்கு மதிப்பு ஏறிவிட்டது. ஒரு லாட்ஜ்காரர், ஷெட்டை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டலாமென்று இடத்தை விலைக்குக் கேட்டு வந்தார்.

"போதும்யா மேனேஜர், முடியல. வெள்ளிக்கெழம வரச் சொல்லிட்டேன்" என்றார் எம்.டி. அவர் குரல் அவ்வளவு இறங்கி நான் கேட்டதில்லை. எனக்கும் அலுத்துத்தான் போயிருந்தது. ஆனால் அன்று மத்தியானம் அந்தப் பெண்கள் யாரும் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. பூங்காவனத்தின் மகள் அப்போதுதான் நர்சிங் சேர்ந்திருந்தாள்.

மறுநாள் பூங்காவனம் வட்டமாக ஒரு திண்டைக் கொண்டுவந்து எம்.டி. மேஜைமேல் வைத்தாள். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் அவள் தங்கச்சி வேலை செய்கிறாள். அங்கே தங்கியிருந்த வெள்ளைக்காரம்மா தியானத்துக்கு உட்காரக் கேட்டாள் என்று இலவம்பஞ்சு அடைத்துத் தைத்தது. பார்த்தவர்கள் எல்லாம் தங்களுக்கும் வேண்டும் என்கிறார்களாம்.

"நடக்கறவங்கள நம்பி ஏமாந்தது போதும் சார். இந்த ஊர்ல உக்கார்றவங்களும் ஜாஸ்தி."

எம்.டி. அதை அமுக்கினார், காதருகே வைத்துப் பார்த்தார். "சத்தமே வரலியேம்மா. சத்தமில்லாம இன்னா ஃபேக்டரி?"

"சத்தத்த நான் போட்டுக்கறேன்."

"யாரு நடத்தறது? என்னால ஆகாது."

"நான் நடத்தறேன்."

"அப்ப நான்?"

"நீங்க தெனமும் வந்து சுவிட்ச் போடுங்க."

"மெஷினே கெடையாது, எந்த சுவிட்சும்மா?"

"ஃபேன் இருக்குதுல்ல சார்."

அவர் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை நான் போகும்போதே எம்.டி. வந்து, என் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். லாட்ஜ்காரர் காரிலிருந்து இறங்கி வந்து, "என்னங்க எம்.டி., இன்னிக்கே பேசி முடிச்சுடலாமா?" என்றார். அந்த நேரம் கீழ்பென்னாத்தூர் பஸ் வந்து நின்றது. பூங்காவனம் சாப்பாட்டுப் பையோடு வாசலில் நுழைந்தாள். எம்.டி. இரண்டு முழங்காலிலும் கையூன்றி மெல்ல எழுந்து நின்றார். நின்றவர் என்னைப் பார்த்து ஒரு முறை முறைத்தார்.

"யோவ் மேனேஜர், எழுந்திருய்யா. எம்.டி. வர்றாங்க."

லாட்ஜ்காரர் வேறு இடம் பார்த்துக்கொண்டார். திண்டு விற்றது, திரும்பி வரவில்லை. கடைசிவரைக்கும் தினமும் வந்து ஃபேன் போட்டது எம்.டி.தான். கரண்ட் இல்லாத நாளில் விரலை வைத்துக்கொண்டு நிற்பதையும் விடவில்லை.

அவர் போய்விட்டார். நான் இப்போது வீட்டோடு இருக்கிறேன். காலையில் தெருவில் ஏதாவது பழைய ஸ்கூட்டர் இருமினால், என்னை அறியாமல் எழுந்து நிற்கிறேன். "யாரு வர்றா?" என்பாள் மனைவி. யாரும் வரவில்லை. இருந்தாலும் சத்தம் தெருக்கோடி தாண்டும்வரை நின்றுவிட்டுத்தான் உட்காருகிறேன்.