தொட்டிக்காரரும் தரையில் வைத்த விளக்கும்

முடிவெடுக்கத் தெரிந்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் உண்டு. அவர் நாமக்கல்லில் எங்கள் எதிர்வீட்டில் இருந்தார். ஒரே விஷயத்துக்கு இரண்டு மாதத்தில் மூன்று முடிவுகள் எடுத்தார். மூன்றுமே கடைசி முடிவுகள். "முடிவு பண்ணியாச்சுங்க அம்மிணி" என்று அவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் கடவுளே வந்தாலும் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

நான் நேர் எதிர். பஸ் ஏறி, டிக்கெட்டும் வாங்கிய பிறகு, வீட்டுப் பூட்டை இழுத்துப் பார்த்தோமா என்று சந்தேகம் வந்து இறங்கிவிடுகிறவள். எங்கள் தடத்துக் கண்டக்டர்கள் இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகுதான் எனக்கு டிக்கெட்டே கிழிப்பார்கள்.

அவருக்கு லாரிகளுக்கு முன்கண்ணாடி மாட்டுகிற தொழில். ஆனால் ஊரில் அவரைத் தொட்டிக்காரர் என்றுதான் சொல்வார்கள். காரணம், அவர் வீட்டு முன்னறையில் இருந்த மீன்தொட்டி. ஏழடி நீளம். லாரி பாடி கட்டுகிற பட்டறையில் சட்டம் அடித்து, வாசல் நிலையைக் கழற்றித்தான் உள்ளே கொண்டுபோனார்களாம். பட்டறைப் பெயிண்டர் கை சும்மா இருக்குமா? சட்டத்தின் இரண்டு பக்கமும் தாமரை, நடுவில் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதிவிட்டார். மீன்கள் ஒருநாளும் எழுப்பியதில்லை.

தொட்டிக்குள் வண்டல் மண் போட்டு, காவிரியிலிருந்து கொண்டுவந்த நீர்ச்செடிகளை நட்டிருந்தார். அந்தக் காட்டுக்கு நடுவே தங்கமீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு போகும்.

என் வாழ்க்கை அந்த மீன்களின் வாயில்தான் இருந்தது. என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. எதையும் சாப்பிட மாட்டாள். டாக்டர் ஒவ்வொரு முறையும் எடை மெஷினைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்து நான் படிக்காத புத்தகம் இல்லை. ஒரு புத்தகம் வற்புறுத்து என்றது, இன்னொன்று வற்புறுத்தாதே என்றது. நான் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தேன். ஒருநாள் தற்செயலாக அவளைத் தொட்டிக்காரர் வீட்டுக்குத் தூக்கிப் போனேன். தங்கமீன் 'ஆ' என்றது. பாப்பாவும் 'ஆ' என்றாள். கையிலிருந்த பருப்புச் சோற்றை உள்ளே தள்ளினேன். மீன் வாயை மூடியது. பாப்பாவும் மூடி, விழுங்கிவிட்டாள்!

அன்றிலிருந்து தினமும் பதினோரு மணிக்கு அங்கேதான் சோறு. "வாங்க சாமி, உங்க மீனு காத்துக்கிட்டு இருக்குது" என்று தொட்டிக்காரர் பாப்பாவை வரவேற்பார். சாப்பிட்டு முடித்ததும் அவள் அந்தச் சில்லென்ற தரையிலேயே படுத்துத் தூங்கிவிடுவாள்.

மூன்று மாதத்தில் செடிகளின் இலைகள் மஞ்சளாகப் பழுத்தன. கண்ணாடியெங்கும் வழுவழுவென்று பச்சைப் பாசி படர்ந்தது. மீன்கள் மங்கலாயின. பாப்பாவின் வாய் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறியதாகத் திறந்தது.

அப்போது என் வாய் சும்மா இருந்திருக்கலாம். பி.யூ.சி. படித்த வாய் ஆயிற்றே. "அண்ணா, செடிக்குக் கரியமில வாயுதான் சாப்பாடு. தண்ணிக்குள்ள அது பத்தலையோ என்னமோ" என்றேன்.

"அதெங்க கெடைக்குமுங்க?"

"நாம விடுற மூச்சுல இருக்கு."

அவர் ஒரு நிமிடம் கண்ணை மூடினார். "முடிவு பண்ணியாச்சுங்க அம்மிணி."

மறுநாள் காலை அவர் வீட்டுச் சுவரில் ஒரு அட்டவணை தொங்கியது. தெருவில் யார் யார் எந்த நேரத்தில் வந்து ரப்பர் குழாயில் மூச்சு விட வேண்டும் என்று. காலை ஏழு மணி, பால்காரர். எட்டு மணி, தபால்காரர். பதினோரு மணி, நான். ஒரு கையில் சோறு, இடுப்பில் குழந்தை, வாயில் குழாய். கால் மணி நேரம் ஊதினால் தலை கிறுகிறுத்தது. இது உடம்புக்கு ஆகுமா என்று ஒரு கவலை, ஊதாவிட்டால் குழந்தை சாப்பிடாதே என்று இன்னொரு கவலை. கண்ணாடி மாட்ட வந்த லாரி டிரைவர்களும் ஊதாமல் வண்டி எடுக்க முடியாது. பீடி குடித்துவிட்டு ஒருவர் ஊதினார். மீன்களெல்லாம் மறுகோடிக்கு ஓடிவிட்டன.

அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், அடுப்படியிலிருந்து கேட்டார்: "ஏனுங்க, கட்டுன பொண்டாட்டிக்கு ஒரு விசிறி வீசத் துப்பில்ல, பாசிக்குக் காத்தடிக்க ஊரையே கூட்டி வெச்சிருக்கறீங்களே?"

பத்தாம் நாள் பால்காரர் தெருவை மாற்றிக்கொண்டார். அட்டவணை கீழே இறங்கியது.

இரண்டாவது கடைசி முடிவு, வெல்லம். சர்க்கரைத் தண்ணீர் புளித்தால் அந்த வாயு வரும் என்று சொன்னதும் நான்தான். (எனக்கு யாராவது வாய்ப்பூட்டு போட்டிருக்கலாம்.) பேக்கரியிலிருந்து ஈஸ்ட், கமிஷன் மண்டியிலிருந்து அச்சுவெல்லம், ஆறு கண்ணாடி ஜாடி. நான்காம் நாள் தெருவே மணந்தது. ஐந்தாம் நாள் ஒரு மூடி கூரை ஓட்டைப் பெயர்த்துக்கொண்டு வானத்துக்குப் போனது. ஆறாம் நாள் கான்ஸ்டபிள் வந்தார்.

"யோவ், யாரைக் கேட்டு ஊறல் போட்டிருக்கே?"

"ஊறல் இல்லீங்க, இது செடிக்குங்க."

"செடி சாராயம் குடிக்குதா?"

"சாராயத்த நாம தொடறதில்லீங்க. அதுல இருந்து வர்ற காத்த மட்டும் செடி குடிக்குதுங்க."

கான்ஸ்டபிள் ஒரு ஜாடியிலிருந்து ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். முகம் எட்டுக் கோணலானது. "இதுக்குக் கேஸ் எழுதினா எனக்குத்தான் கேவலம்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் குமிழி ஒருநாள் குபுகுபுவென்று வந்தது, மறுநாள் வரவே இல்லை. செடி தேறவில்லை. பாப்பாவின் எடை கால் கிலோ இறங்கியிருந்தது.

"சின்னத் தொட்டின்னா வெல்லத் தண்ணி போதுமுங்க" என்றார் தொட்டிக்காரர். "இத்தாம் பெருசுக்கு ஒரே சீரா வாரோணும். சோடா கம்பெனி சிலிண்டர்தான். முடிவு பண்ணியாச்சு."

வந்தது. கோலி சோடாவில் அடைக்கிற வாயு, ஆளுயர இரும்புச் சிலிண்டரில். வெல்டிங் பட்டறையிலிருந்து ஒரு ரெகுலேட்டர். அதற்குப் பிறகு, கிள்ளி அளந்து விட ஒரு ஊசி வால்வு. எத்தனை குமிழி போகிறது என்று எண்ண, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிற குழாயின் சொட்டுக் குப்பி. முதல் நாள் வால்வை ஆசையாகத் திறந்துவிட்டார். கால் மணி நேரத்தில் அத்தனை மீனும் மேலே வந்து வாயைப் பிளந்தன. தெருவே குடம் குடமாகத் தண்ணீர் மாற்றிக் காப்பாற்றியது. மறுநாள் நொடிக்கு இரண்டு குமிழி என்று அடக்கினார். ராத்திரி தொட்டி விளக்கை அணைக்கும்போது வால்வையும் மூடினார். எல்லாம் சரியாக இருந்தது.

எனக்குத்தான் சரியாக இல்லை. மறுநாள் காலை சோறு பிசையும்போது பழைய பாடம் ஞாபகம் வந்தது. அந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும். தரையில் படுப்பது யார்? என் குழந்தை!

இரண்டு நாள் எதிர்வீட்டுப் பக்கமே போகவில்லை. இரண்டு நாளும் பாப்பா வாயைத் திறக்கவில்லை. கூட்டிப் போனால் மூச்சு போய்விடுமோ, போகாவிட்டால் பட்டினியில் போய்விடுமோ என்று நான் கிண்ணத்தோடு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். மூன்றாம் நாள் காலை தொட்டிக்காரரே வந்தார்.

"ஏனுங்க அம்மிணி, சாமியக் காணோம்?"

சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. வழக்கத்தைவிட நீண்ட நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"எங்க தோட்டத்துல பாழுங் கெணத்துல எறங்கறதுக்கு முந்தி, கயித்துல வெளக்கக் கட்டி உள்ள உடுவாங்க. வெளக்கு அணைஞ்சா ஆளு எறங்க மாட்டான். அதே மாதிரி நம்மூட்டுலயும் தரையில ஒரு வெளக்கு வெச்சுப் பாக்கலாமுங்க. வெளக்கு மட்டும் பத்தாது, ஒரு மூக்கும் வேணும். நானே படுத்துப் பாக்கறேன். ஒரு மணி நேரம். நடுவால என்னைய எழுப்பக் கூடாது. முடிவு பண்ணியாச்சு."

கதவு ஜன்னலைச் சாத்தி, தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் மல்லாந்து படுத்தார். இருந்த இடத்துக்கு ஏற்பப் படுத்ததில், தலை தெற்கே வந்தது. கசிகிற சத்தம் கேட்க வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டார். கை இரண்டையும் மார்பில் வைத்துக்கொண்டார். தலைமாட்டில் நான் ஒரு விளக்கை ஏற்றி வைத்தேன். பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, கிண்ணத்தோடு, வாசற்கதவின் கண்ணாடி வழியாக விளக்கையே பார்த்தபடி வெளியில் நின்றேன். கண்ணில் நீர் நிற்கவில்லை.

அரை மணி நேரம் போயிருக்கும். பூக்காரம்மா தெருவில் வந்தார். என் முகத்தைப் பார்த்தார். கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். பட்டப்பகலில் தலைமாட்டில் விளக்கு. கூடையைப் பொத்தென்று வைத்தார்.

"அடப் பாவி மனுசா, நேத்துக்கூட முழப் பூ வாங்குனீங்களே!"

கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய் உட்கார்ந்து ஒப்பாரியே ஆரம்பித்துவிட்டார். தெரு திரண்டது. பட்டறை ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டு மாலையோடு வந்தார்கள். பால்காரர் வந்தார். "ஊதாம உட்டுட்டேனே" என்று தேம்பினார். கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "நல்ல மனுஷன். ஊறல்கூட ஒழுங்காப் போடத் தெரியாது" என்றார்.

நீங்கள் கேட்பீர்கள், நீ ஏன் வாயைத் திறக்கவில்லை என்று. திறந்தேன். 'அவர் சாகலைங்க' என்று சொல்லத்தான் திறந்தேன். அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது: அது எனக்கு எப்படித் தெரியும்? முக்கால் மணி நேரமாக விளக்கைத்தானே பார்த்தேன், அவரைப் பார்த்தேனா? விளக்கு எரிகிறதே. ஆனால் விளக்குக்கு எண்ணெய் இருக்கிறது, அவருக்கு? வாயை மூடிக்கொண்டு இன்னும் பலமாக அழுதேன். ஊரும் சேர்ந்துகொண்டது.

அந்த நேரத்தில் அக்கா மாவு மில்லிலிருந்து டப்பாவோடு வந்தார். "ஏனுங்க, நம்மூட்டுல யாருங்க செத்தது?"

பூக்காரம்மா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார். அக்கா அவரை ஒரு கையால் ஒதுக்கி, மாவு டப்பாவைத் தொட்டிமேல் வைத்துவிட்டு, கணவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"இந்த மனுசன் சாகறதா இருந்தா, முடிவு பண்ணியாச்சுன்னு நம்மகிட்டச் சொல்லாமச் சாக மாட்டாரு" என்று காலால் ஒரு தட்டு தட்டினார்.

மூடிய கண் மூடியபடி, பிணம் பேசியது: "இன்னும் பத்து நிமிசம் இருக்குது. சத்தம் போடாதீங்க."

அத்தனை பேரும் அப்படியே வாயைப் பிளந்தார்கள். பூக்காரம்மா, பால்காரர், கான்ஸ்டபிள், மாலையைப் பிடித்த நான்கு பேர். பாப்பா என் இடுப்பிலிருந்து அந்த வாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு அவளும் வாயைத் திறந்தாள்.

என் வாழ்நாளில் நான் யோசிக்காமல் செய்த ஒரே காரியம், அந்த வாயில் ஒரு உருண்டை சோற்றை வைத்ததுதான்.

தொட்டிக்காரர் மீதிப் பத்து நிமிடத்தையும் படுத்தே முடித்தார். விளக்கு அணையவில்லை. மாலையை வீணாக்காமல் சிலிண்டருக்குப் போட்டார்கள். ஒரு மாதத்தில் செடிகள் ஒவ்வொரு இலையிலும் முத்து முத்தாகக் குமிழி விட்டு நின்றன, பாப்பாவின் கன்னம் உப்பியது. ஆனால் தினமும் பதினோரு மணிக்கு முன்னால் தரையில் அந்த விளக்கு எரிவதும், அதன் பக்கத்தில் அவர் கொஞ்ச நேரம் படுத்து எழுவதும் நிற்கவில்லை. "சாமி படுக்கற எடமாச்சுங்களே" என்பார். அந்த வழியாகப் போகிறவர்களும் பழகிக்கொண்டார்கள்.

என் கணவருக்கு மாற்றலாகி இப்போது சேலத்தில், அஸ்தம்பட்டியில் இருக்கிறோம். பாப்பா ஒன்றாம் வகுப்பு. போன முழுப் பரீட்சை லீவுக்கு, பத்து நாள் தொட்டிக்காரர் வீட்டில் இருப்பேன் என்று அடம் பிடித்தாள். கொண்டுபோய் விட்டேன். நாங்கள் வருகிறோம் என்று தெரிந்து, முன்னறைத் தரையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில், தலைமுடி நரைத்த மனிதர் ஒருவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார்.

திரும்பி வர சேலம் பஸ்ஸில் ஏறினேன். என்னைத் தெரிந்த கண்டக்டர், டிக்கெட் கிழிக்காமல் இரண்டு நிறுத்தம் காத்திருந்தார். அன்றைக்கு நான் இறங்கவில்லை.