பெண் கொண்டுவந்த தேநீருக்கும் பில்

ஒரு நாள் பயிற்சி வகுப்புக்குப் போய்வந்தவனைக் குறைந்தது ஒரு வாரத்துக்காவது வீட்டுக்குள் விடக்கூடாது. என்னை விட்டார்கள். அதுதான் வினை.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் சிறு வணிகர்களுக்கான நிதி வகுப்பு. நான் வணிகன் இல்லை, காப்புறுதி அலுவலகத்தில் குமாஸ்தா. (மதியச் சாப்பாடு இலவசம் என்று போட்டிருந்தார்கள்.) அங்கே கேட்ட ஒரு வாக்கியம் என்னைப் பிடித்துக்கொண்டது: கடைக்காசு வேறு, வீட்டுக்காசு வேறு. கிள்ளானில் அப்பா நடத்தும் சாப்பாட்டுக் கடையில் இரண்டும் ஒரே கல்லாவில்தான் குடித்தனம் நடத்தின. மீன்காரருக்கும் அதிலிருந்துதான், தங்கை கவிதாவின் கார் தவணைக்கும் அதிலிருந்துதான். சொந்தக்காரர்கள் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, “போய்ட்டு வரோம் மாமா” என்று கிளம்பிவிடுவார்கள்.

“அப்பா, நீங்க மாசா மாசம் சம்பளம் எடுத்துக்கணும். வீட்டாளுங்க சாப்பிட்டாலும் பில் போடணும்.”

“என் கடையில நான் சாப்பிட நானே காசு கொடுக்கணுமா?”

“ஆமா லா அப்பா. அப்பதான் லாபம் தெரியும்.”

நச்சரிப்புத் தாங்காமல் அப்பா தலையாட்டினார். கல்லாவில் உட்காரும் சாந்தி அக்காவிடம் நானே ஆணையிட்டேன். “யாரா இருந்தாலும் பில், அக்கா. சொந்தம் பந்தம் பாக்காதீங்க.” முதல் பில் எனக்கே வந்தது. பெருமை பொங்கக் கட்டினேன். (மடையன்.)

அந்த வாரக் கடைசியில் சாலாக் செலாத்தானிலிருந்து கவிதாவைப் பெண் பார்க்க வந்தார்கள். பெண் பார்ப்பதெல்லாம் பெயருக்குத்தான். அவளும் மாப்பிள்ளையும் ஏற்கெனவே விரும்பியவர்கள். பையனின் அப்பாவைச் சம்மதிக்க வைக்க அவள் இரண்டு வருடம் அழுதிருந்தாள். அன்று பார்த்து எங்கள் தாமான் குடியிருப்பில் எந்த வீட்டிலும் தண்ணீர் இல்லை. கடையில் தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறது, அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்றார் அம்மா.

எல்லாம் நன்றாகத்தான் போனது. கவிதா தட்டில் தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பையனின் அப்பா முகம் இளகி, “நல்ல குடும்பம்” என்று ஆரம்பித்தார். அப்போது சாந்தி அக்கா வந்து அவர் முன்னால் பில்லை வைத்தார்.

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு சத்தமாகவே படித்தார். “கேசரி பதினொண்ணு. பஜ்ஜி ரெண்டு தட்டு. தே பதினொண்ணு.” பிறகு நிமிர்ந்தார். “இது இப்ப பொண்ணு கொண்டுவந்த தே தானே?”

அம்மா அடுப்படிக்குள் மறைந்தார். அப்பா என்னைப் பார்த்தார். அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். விளக்கினேன்.

“தப்பா நெனைக்காதீங்க அங்கிள். கடைக்காசு வேற, வீட்டுக்காசு வேற.”

“அப்ப நாங்க எதுல சேத்தி, தம்பி?”

(வகுப்பில் இதற்கு விடை சொல்லித்தரவில்லை.) நான் பில்லைப் பிடுங்குவதற்குள் அவர் காசை வைத்துவிட்டார். சாந்தி அக்கா மீதிச் சில்லறையை ஒழுங்காக எண்ணிக் கொடுத்தார்.

“கொஞ்சம் யோசிச்சிருக்கக் கூடாதா அக்கா?” என்று பிறகு பல்லைக் கடித்தேன்.

“நீங்கதானே தம்பி யாரா இருந்தாலும்னு சொன்னீங்க.”

அதன்பின் அந்த வீட்டிலிருந்து பேச்சு மூச்சே இல்லை. கவிதா என்னிடம் ஒன்றுதான் சொன்னாள்: “ஒன் லாபத்தோட நீயே குடும்பம் நடத்து.” அவள் கண் வீங்கியிருந்ததைப் பார்த்தபோது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

பழத்தட்டோடு சாலாக் செலாத்தானுக்குப் போனேன். பையனின் அப்பா, “உக்காருங்க” என்றார். தோசை வந்தது, காப்பி வந்தது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தபோதெல்லாம் இன்னொரு தோசை வந்தது. கடைசியில் ஒரு துண்டுக் காகிதம் வந்தது. தோசை நாலு, காப்பி ஒன்று, தலைக்கு மேல் காற்றாடி ஓடியது அரை மணி நேரம்.

பணத்தை எடுத்துக் கொடுத்தேன். மனுஷன் எண்ணிப் பார்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, “அப்பாவ வரச் சொல்லுங்க, தேதி பாப்போம்” என்றார்.

இன்றைக்கும் கவிதா வீட்டில் நான் சாப்பிட்டு எழுந்தால் பில் வருகிறது. இப்போது அதைக் கொண்டுவருவது அவள் மகள். வசூலாகும் பணமெல்லாம் அவள் உண்டியலுக்கு. “அண்ணன் சொன்ன யோசனையில லாபம் பாத்தது இவ ஒருத்திதான்” என்று கவிதா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறாள்.

போன வாரம் ரசம் மட்டும்தான் குடித்தேன். சேவை வரியும் சேர்த்திருந்தது அந்தக் குட்டி.