டிஸ்கஸ் அங்கிளும் ஆறாவது மாடியும்

பிள்ளைகளே, சுங்கை பினாங்கில் எங்கள் அடுக்குமாடி வீடுகளில் இருப்பவர்களில் டிஸ்கஸ் அங்கிளிடம் மாட்டாதவர் ஒருவர்கூட இல்லை. பூனைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அவருடைய உண்மையான பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும். எதற்கெடுத்தாலும் "வாங்க, டிஸ்கஸ் பண்ணுவோம்" என்பார். அதுவே பெயராகிவிட்டது.

நான் படிவம் மூன்றோடு படிப்பை நிறுத்தியவன். டிஸ்கஸ் என்றால் கலந்து பேசுவது என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். மற்ற அர்த்தங்களை அங்கிளிடம்தான் கற்றுக்கொண்டேன். பாசாரில் மீன்காரரிடம் அவர் செய்யும் டிஸ்கஸ், பேரம். மோட்டாரைக் கண்ட இடத்தில் நிறுத்திவிட்டுக் காவலாளியிடம் செய்வது, கெஞ்சல். அவர் மனைவி கதவைத் திறந்து, "உள்ள வாங்க, கொஞ்சம் டிஸ்கஸ் பண்ணணும்" என்றால் அது வேறு. அன்று அரை நாளுக்கு அவர் சத்தமே வெளியே கேட்காது.

ஆள் பிடிக்க அவரிடம் ஒரு வழி இருந்தது. வேண்டுமென்றே தப்பாக ஒன்றைச் சொல்வார். செவ்வாய்க்கிழமை காலையில் படியில் என்னை நிறுத்தி, "இன்னிக்கு ஞாயித்துக்கெழமதானே தம்பி?" என்றார்.

"இல்லண்ணே, செவ்வாய்."

"யாரு சொன்னா?"

அவ்வளவுதான். நான் கீழே இறங்கியபோது தொழிற்சாலை வேன் போய்விட்டது. பின்னாலேயே வந்தவர், "பரவால்ல தம்பி, பஸ் வர்ற வரைக்கும் டிஸ்கஸ் பண்ணலாம் லா" என்றார்.

நல்லவேளை, அவர் லிஃப்டில் ஏறமாட்டார். "லிஃப்ட்ல எல்லாரும் மேல பாத்துக்கிட்டு நிப்பாங்க. படியிலதான் மனுசன் பேசுவான்" என்பார். காய்கறிப் பையோடு ஒன்பது மாடியும் ஏறுவார். அந்தச் செவ்வாய்க்குப் பிறகு அவருக்குப் பயந்தே நான் எப்போதும் லிஃப்டில் போனேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், கடைக்குப் பால் டின் வாங்கப் போன என் மகள் யாழினி திரும்பி வரவில்லை. எட்டு வயதுப் பிள்ளை. லிஃப்டும் வரவில்லை, படியிறங்கித் தேடிப் போனேன். ஆறாவது மாடியில் லிஃப்ட் கதவுக்குப் பின்னால் அவள் அழுகுரல் கேட்டது. லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டிருந்தது.

காவலாளி போன் போட்டார். பழுது பார்ப்பவர் கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்திலிருந்து வரவேண்டும், பாலத்தில் நெரிசல், ஒரு மணி நேரம் ஆகுமாம். நான் கதவை அடித்து, "அழாதம்மா! பயப்படாதம்மா!" என்று கத்தினேன். நான் கத்தக் கத்த அவள் அழுகை கூடியது. மூச்சு முட்டுகிறது என்றாள். 

அப்போதுதான் நெத்திலிப் பையோடு அங்கிள் படியேறி வந்தார்.

"தம்பி, தள்ளு. நான் டிஸ்கஸ் பண்றேன்."

"அண்ணே, இப்பவா? பிள்ள உள்ள மாட்டிக்கிட்டு இருக்கு!" அவரை அடிக்கவே போய்விட்டேன்.

அவர் காதில் வாங்கவில்லை. கதவை ஒட்டித் தரையில் உட்கார்ந்தார். "யாழினி, அங்கிளுக்கு ஒரு சந்தேகம். செண்டோல சூடாத்தானே குடிக்கணும்?"

உள்ளே விசும்பல் மட்டும் கேட்டது.

"ஆமா, சூடாத்தான். ஆவி பறக்கணும்."

"இல்ல..." மெல்லிய குரல் வந்தது. "ஐஸ் போடணும்."

"யாரு சொன்னா? லக்சாவுலதான் ஐஸ் போடுவாங்க."

"ஐயோ, லக்சாவுல மீன் லா அங்கிள்!"

"சரி விடு. பினாங்குப் பாலம் பலகையில கட்டுனதுதானே?"

"சிமெண்ட்டு! உங்களுக்கு ஒண்ணுமே தெரியல!"

அழுகை எப்போது நின்றது என்று எனக்கே தெரியாது. ஏழெட்டு நாற்பது என்றார், யானை முட்டையிடும் என்றார், பூனைக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தது தான்தான் என்றார். உள்ளேயிருந்து அவள் டீச்சர் மாதிரி அதட்டிக்கொண்டே இருந்தாள். ஆறாவது மாடியே கூடிவிட்டது. ஒரு மணி நேரம் என்றது ஒன்றரை மணி நேரமானது.

கதவு திறந்ததும் நான் அவளைத் தூக்கிக்கொண்டேன். முகமெல்லாம் வேர்வை, கையில் பால் டின். என் தோளிலிருந்தே எட்டிப் பார்த்து, "ஏழெட்டு அம்பத்தாறு அங்கிள்! வீட்டுக்குப் போயி எழுதிப் பாருங்க!" என்றாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அங்கிள் எழுந்திருக்கவில்லை. கை கொடுத்தேன். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"என்னாண்ணே?"

"முப்பது வருசம் தொறமுகத்துல கிரேன் ஓட்டுனேன் தம்பி. ஒருக்கா கேபின் கதவு சிக்கிக்கிச்சு. அவ்ளோ ஒசரத்துல நான் தனியா. கீழ ஆளுங்க ஓடுறாங்க, ஏணி தேடுறாங்க. எல்லாம் செஞ்சாங்க. கையில வோக்கி டோக்கி இருந்துச்சு. அதுல ஒருத்தனும் ஒரு வார்த்த பேசல." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அதுலேருந்து பொட்டி மாதிரி எத பாத்தாலும் பயம் லா."

அவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டுதான் அந்தக் கதவில் முதுகைச் சாய்த்து ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

லிஃப்டைச் சரிசெய்துவிட்டார்கள். யாழினி ஒரு வாரத்தில் பழையபடி அதில் ஏறிவிட்டாள். நான்தான் இப்போது ஏறுவதில்லை. வேலை முடிந்து வந்ததும் படிக்கட்டின் அடியில் நின்று காது கொடுப்பேன். மேலே அவர் குரல் கேட்டால் வேகமாக ஏறிப்போய், "அண்ணே, இன்னிக்கு ஞாயித்துக்கெழமதானே?" என்பேன்.