மால்டாவுக்கு ஒரு நாற்காலி

ஸரெனின் இடமாற்ற மனு மறுபடியும் திரும்பி வந்தது.

பல நாடுகள் சேர்ந்து நடத்தும் வெளியுறவுப் பணி அது. எந்த அலுவலகத்திலும் எந்த நாடும் விடுபடக் கூடாது என்பது விதி. பிரஸ்ஸல்ஸ் தலைமையகத்தில் ஸரென் ஒருவன்தான் மால்டாக்காரன். அவன் மனைவி ஐனோ தென் அமெரிக்காவில், மான்டிவிடியோ அலுவலகத்தின் ஒரே பின்லாந்துக்காரி. கல்யாணமான நாளிலிருந்து இருவரும் போனில்தான் குடித்தனம் நடத்தினார்கள்.

"ஓர் ஆளை அனுப்பலாம். ஒரு நாட்டை எப்படி அனுப்புறது?" என்றாள் பணியாளர் பிரிவுத் தலைவி கோடெலீவ். "இன்னொரு மால்டாக்காரரைக் கொண்டாங்க, விட்டுடறேன்."

சித்தப்பா மகன் விஸ்டின் ஊரில் சும்மா இருந்தான். ஸரென் குளிர்காலம் முழுக்க போனில் பாடம் நடத்தி அவனைத் தேர்வு எழுத வைத்தான். தேறிவிட்டான்.

"நல்ல பையன். மான்டிவிடியோவுக்கு அனுப்பிட்டோம்," என்றாள் கோடெலீவ்.

"அங்கேயா?"

"இங்கதான் நீங்க இருக்கீங்களே. அங்க மால்டா இல்லாம இருந்துச்சு."

ஞாயிற்றுக்கிழமை விஸ்டின் ஐனோவின் சமையலறையிலிருந்து பேசினான். "அண்ணி வைக்கிற மீன் சூப் பிரமாதம்ணா. நீ என்ன சாப்பிட்ட?"

ஸரென் ஆறிப்போன உருளைக்கிழங்கு வறுவலைப் பார்த்தான். "சாப்பிட்டாச்சு."

தலைமையகத்தில் பெல்ஜியர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஸரெனுக்கு யோசனை வந்தது. பல வருஷம் அங்கே வரி கட்டியவன்தானே. அங்கே பேசும் டச்சு கற்றான், பெல்ஜியக் குடியுரிமை வாங்கினான், மால்டாக் குடியுரிமையை எழுதிக் கொடுத்துவிட்டான். ஐனோவிடம் மூச்சுவிடவில்லை. நேரில் போய் நின்று அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அவளும் அப்போது ஏதோ காரியமாக அலைந்துகொண்டிருந்தாள். கேட்டால், "அப்புறம் சொல்றேன், சிரிப்ப," என்றாள்.

புதிய பாஸ்போர்ட்டைப் பார்த்து கோடெலீவ் பெருமூச்சு விட்டாள். அவளும் பெல்ஜியக்காரி. "இன்னொருத்தரா? இங்க இடமில்ல. மான்டிவிடியோவுல எங்காளு யாருமே இல்ல. உடனே கிளம்புங்க."

மான்டிவிடியோ விமான நிலையத்தில் அலுவலக டிரைவர் ஒமார், அந்த ஊர் வழக்கப்படி கக்கத்தில் வெந்நீர்க் குடுவையோடு நின்றிருந்தான். ஸரென் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"ஐனோவுக்கு நான் வர்றது தெரியாதுல்ல?"

ஒமார் பெட்டியை வாங்கிக்கொண்டான்.

"உங்களைக் கட்டின உரிமையில மேடம் போன மாசம் மால்டாக்காரியா மாறிட்டாங்க சார். இங்கதான் உங்க தம்பி இருக்காரே, பிரஸ்ஸல்ஸ்ல திடீர்னு மால்டா காலின்னு நேத்து அவங்களை அங்க அனுப்பிட்டாங்க."